ஐ.பி. போட்ட பிறகும் கேட்டில் வங்கி நோட்டீஸ்: வழக்கறிஞர் அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, என் கணவர் எங்கள் வீட்டு மாடியிலேயே அப்பளத் தொழில் செய்துவந்தார். மெஷின் போடவும் உளுந்து மாவு பிடிக்கவும் 2019-இல் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 28 லட்சம் வாங்கினோம். வீடு அவர் பெயரில். நான் ஜாமீன் கையெழுத்து. கொரோனாவில் படுத்த தொழில் எழுந்திருக்கவே இல்லை. தவணை கட்டுவதற்காக வெளியில் வாங்கிய கைமாத்து, தண்டல், சீட்டுப் பாக்கி எல்லாம் சேர்ந்து 14 லட்சம். வங்கிக்கு வட்டியோடு இப்போது 31 லட்சம். தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு எல்லோருக்கும் மஞ்சள் நோட்டீஸ் அனுப்பி, சப் கோர்ட்டில் ஐ.பி. என்கிற திவால் மனுவும் போட்டுவிட்டார். "ஐ.பி. போட்டால் வீட்டில் எவனும் கை வைக்க முடியாது" என்றார்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் வங்கிக்காரர்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். கணவர் கடன்காரர்களுக்குப் பயந்து திருப்பூரில் இருக்கிறார். வீட்டை நாத்தனார் பெயருக்கு எழுதிவிடச் சொல்கிறார்கள். இரண்டே கால் சென்ட் இடம், மாடி வீடு, 50 லட்சம் போகும் என்கிறார்கள். மாமியார் படுத்த படுக்கை. பையன் பத்தாவது. ராத்திரி கேட் சத்தம் கேட்டாலே தூக்கிப் போடுகிறது. வீட்டைக் காப்பாற்ற வழி உண்டா?
வாசகி, ஜெய்ஹிந்துபுரம்

பதில்: தங்கச்சி, முதலில் நீங்கள் ராத்திரி தூங்க வேண்டும். அதனால் அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். கேட்டில் ஒட்டியது, வீடு சட்டப்படி தங்கள் பிடிக்குள் வந்துவிட்டது என்று வங்கி செய்யும் அறிவிப்பு. அதற்குப் பெயர் சிம்பாலிக் பொசஷன். உங்களை வெளியேற்றிப் பூட்டுப் போட வேண்டுமானால், அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழி செய்யும் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆவது பிரிவில் தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ கலெக்டரிடமோ மனுப் போட்டு அவர்கள் உத்தரவு வாங்கித்தான் வருவார்கள். பெரும்பாலும் ஒரு வக்கீலை அட்வகேட் கமிஷனராக நியமிப்பார்கள். அவர் போலீஸ் துணையோடு, உத்தரவு நகலோடு, பகலில் வருவார். உத்தரவைக் காட்டாமல் வந்து மிரட்டுகிறவர் யாராக இருந்தாலும் கேட்டைத் திறக்க வேண்டாம். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் பேசக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

அடுத்து உங்களுக்குப் பிடிக்காத பதில். ஐ.பி. போட்டதால் இந்த வீடு தப்பாது. கம்பெனிகளுக்கு 2016-இல் புதுத் திவால் சட்டம் வந்துவிட்டது. உங்கள் கணவர் மாதிரி தனி ஆளுக்கு மதுரையில் இன்னும் 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம்தான். அதன் 28-ஆவது பிரிவு கடனாளியின் சொத்தை எல்லாம் ரிசீவர், அதாவது கோர்ட் நியமிக்கும் சொத்துப் பொறுப்பாளர் கையில் ஒப்படைக்கிறது. ஆனால் அதே பிரிவின் 6-ஆவது உட்பிரிவு, சொத்தை அடமானமாக வாங்கியவரின் உரிமையைத் தொடுவதில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறது. கைமாத்துக் கொடுத்தவர், சீட்டுக்காரர், மளிகைக் கடைப் பாக்கிக்காரர் எல்லாரும் ரிசீவர் வாசலில் வரிசையில் நிற்பார்கள். பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் வங்கிக்கு அந்த வரிசையே கிடையாது. "எவனும் கை வைக்க முடியாது" என்று உங்களிடம் சொன்னவர், எந்தக் கடன்காரனைப் பற்றிச் சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார். ஊரில் இப்படிச் சொல்கிறவர்களால் எத்தனை குடும்பங்கள் கடைசி நாள்வரை சும்மா இருந்துவிடுகின்றன என்பதைப் பார்க்கிறபோது எனக்கு வயிறு எரிகிறது.

மஞ்சள் காகிதத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதாலேயே யாரும் திவால் ஆகிவிடுவதும் இல்லை. கோர்ட் விசாரித்து, இவரால் கடனைக் கட்ட முடியாது என்று திருப்திப்பட்டு உத்தரவு போட்டால்தான் திவால். இந்த இடத்தில்தான் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீடு 50 லட்சம். வங்கிக்கு 31. வெளிக்கடன் 14. கூட்டினால் 45. கையில் 5 லட்சம் மிஞ்சுகிறது. தங்கச்சி, இந்தக் கணக்கு சரியாக இருந்தால் உங்கள் கணவர் திவாலான மனிதரே இல்லை. கையில் காசு ஓட்டம் நின்றுபோன மனிதர், அவ்வளவுதான். சொத்து கடனை விட அதிகம் என்று தெரிந்தால் கோர்ட்டே அந்த மனுவைத் தள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது.

வீட்டைக் காப்பாற்ற வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 31 லட்சத்தை வேறெங்கிருந்தாவது புரட்ட முடியாவிட்டால் இல்லை. அப்படிப் புரட்டுவதற்கு இன்னொரு வட்டிக்காரரிடம் போகாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வீட்டின் விலையைக் காப்பாற்ற நிச்சயமாக வழி இருக்கிறது. ஏலத்தில் போனால் 50 லட்சத்து வீடு எத்தனைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் குடியிருக்கும் வீடு, கேஸ் உள்ள வீடு என்றாலே கேட்கிறவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். வங்கிப் பாக்கிக்கே பற்றாமல் போனால் மிச்சத்துக்கு ஜாமீன் போட்ட உங்களிடம் வருவார்கள். கணவருக்குக் கோர்ட் கடன் விடுதலை கொடுத்தாலும் அது ஜாமீன்தாரரை விடுவிக்காது. ஏலத்துக்கு முன்னால் நீங்களே ஆள் பார்த்து, நல்ல விலைக்கு விற்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நல்ல கதவு.

அதை எப்படிச் செய்வது? 60 நாளில் பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கி முதலில் அனுப்பிய நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. அதனால் பிராஞ்சுக்கும், நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருக்கும் அதிகாரிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்: "நாங்களே வாங்குபவரைக் கொண்டுவருகிறோம், அவர் உங்கள் பாக்கியை நேரடியாக உங்களுக்கே கட்டுவார், அதுவரை ஏலத்தை நிறுத்தி வையுங்கள்." நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வங்கி வீட்டுக்குப் போட்ட மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். பாக்கிப் பணம் வந்தால் போதும் என்றுதான் பெரும்பாலான அதிகாரிகள் நினைப்பார்கள். ஏலம் நடத்துவது அவர்களுக்கும் தலைவலிதான். வாங்குபவர் வங்கிக்கு டி.டி. கொடுக்க, வங்கி ஒரிஜினல் பத்திரத்தையும் அடமான ரத்து ரசீதையும் கொடுக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீதும் கிரயமும் ஒரே நாளில் பதிவாவது மதுரையில் சாதாரணமாக நடக்கிற காரியம். வட்டியில் கொஞ்சம் தள்ளுபடி கேட்டு, ஒரே தடவையில் கட்டித் தீர்க்கும் ஒன் டைம் செட்டில்மெண்ட் பேசிப் பாருங்கள். அது உரிமை இல்லை, வங்கியின் இஷ்டம். உச்ச நீதிமன்றம் 2021-இல் அப்படித்தான் சொல்லிவிட்டது. கேட்பதில் நஷ்டம் இல்லை.

இதில் ஒரு சிக்கல், நீங்கள் போட்ட ஐ.பி. மனுவேதான். கோர்ட் திவால் என்று உத்தரவு போட்டால், அது மனுப் போட்ட தேதியிலிருந்தே அமலுக்கு வந்ததாகச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நடுவில் உங்கள் கணவர் செய்த கிரயம் கேள்விக்குள்ளாகும். மனு நிலுவையில் இருப்பது தெரிந்து வாங்குகிறவர் பயப்படுவது நியாயம்தான். அதனால் கிரயத்துக்கு முன் அந்த மனுவைக் கோர்ட் அனுமதியோடு வாபஸ் வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்க முடியாது. "சொத்தை விற்று எல்லோருக்கும் முழுசாகக் கொடுக்கப் போகிறோம்" என்று கணக்கைக் காட்டினால் கடன்காரர்கள் எதிர்க்கக் காரணம் இருக்காது. ஐ.பி. நடந்தால் அவர்களுக்கு ரூபாய்க்கு எத்தனை காசு வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவேளை அதற்குள் திவால் உத்தரவே வந்துவிட்டாலும் மனம் விட வேண்டாம். ரிசீவரும் கோர்ட்டும் சம்மதித்து விற்கலாம். கடன் முழுவதும் தீர்ந்தால் திவால் உத்தரவை ரத்து செய்ய 35-ஆவது பிரிவு இருக்கிறது.

நாத்தனார் பெயருக்கு எழுதும் பேச்சை இன்றோடு விடுங்கள். வங்கி அடமானம் வீட்டோடு ஒட்டிக்கொண்டே போகும், யார் பெயரில் இருந்தாலும். பணம் வாங்காமல் எழுதிக்கொடுத்த சொத்தை, கொடுத்து 2 வருடத்துக்குள் போட்ட மனுவில் திவால் ஆனால், ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். சொத்தை மறைத்தார் என்ற குற்றச்சாட்டு வேறு உங்கள் கணவர் மேல் வரும். நாத்தனாரையும் கோர்ட் படி ஏற வைத்துவிட்டு அந்த உறவும் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

நாள் கணக்கு முக்கியம். நோட்டீஸ் ஒட்டி மூன்று வாரம் என்கிறீர்கள். வங்கி நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போட, அந்த நடவடிக்கை எடுத்த தேதியிலிருந்து 45 நாள்தான். சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்தச் சட்டத்தில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்பாயம் மதுரையிலேயே இருக்கிறது. உங்கள் பாக்கிக்கு மனுக் கட்டணம் பத்தாயிரத்துச் சொச்சம் வரும். 60 நாள் நோட்டீஸ் ஒழுங்காகக் கையில் சேர்ந்ததா, அதற்கு நீங்கள் பதில் எழுதியிருந்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு மறுபதில் கொடுத்ததா, கேட்டில் ஒட்டிய சுவாதீன அறிவிப்பு ஒரு தமிழ்ப் பத்திரிகை உட்பட இரண்டு பத்திரிகைகளில் 7 நாளுக்குள் வந்ததா, பாக்கித் தொகையில் நீங்கள் கட்டியதெல்லாம் கழிந்திருக்கிறதா என்று உங்கள் வக்கீல் பார்க்கட்டும். ஓட்டை இருந்தால் மனுப் போடுங்கள். ஓட்டை இல்லாமல், நேரம் வாங்குவதற்கென்று மட்டும் போட்டால், பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் தடை கிடைக்கும். அந்தப் பணம் உங்களிடம் இல்லை.

இன்னொரு தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன், ஆனால் அது எந்தத் தேதி என்பது வங்கி கையில் இருக்கிறது: ஏல அறிவிப்பு பத்திரிகையில் வரும் நாள். முன்பெல்லாம் ஏலம் முடிந்து பணம் கைமாறும்வரைகூடப் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்க முடிந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் அந்த உரிமை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. வாங்குகிற ஆளை வைத்துப் பேசுவதெல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஏலத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு உங்களுக்குத் தனி நோட்டீஸ் வர வேண்டும். தபால்காரர் கொண்டுவரும் எதையும் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்காமல் விட்டால் கேஸ் நின்றுவிடும் என்பது வெறும் நம்பிக்கை, கேட்டில் ஒட்டினாலே சேர்ந்த மாதிரிதான்.

பணம் இல்லை, வக்கீலுக்கு என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீங்கள் ஜாமீன்தாரர், உங்கள் பெயரும் நோட்டீஸில் இருக்கும். அதனால் உங்கள் பெயரிலேயே மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

மோசமான நாள் வந்தால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். கோர்ட் நியமித்து நானே கமிஷனராகச் சில வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பழங்காநத்தத்தில் ஒரு வீடு. பட்டியல் எழுதி முடித்து, எல்லாக் கதவிலும் பூட்டுப் போட்டு, துணி சுற்றி அரக்கு வைத்தாயிற்று. தெருமுனை வரைக்கும் போன அந்த வீட்டு அம்மா திரும்பி ஓடி வந்தார். மகளின் பிளஸ் டூ ஹால் டிக்கெட் பீரோவுக்குள். அரக்கை உடைத்து, பூட்டைத் திறந்து, பட்டியலில் ஒரு வரி சேர்த்து, சாட்சிகளிடம் மறுபடி கையெழுத்து வாங்கி எடுத்துக் கொடுத்தோம். வங்கி அதிகாரி ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா நின்ற நிலையை எந்தத் தாயும் நிற்க வேண்டாம். பையனின் சான்றிதழ்கள், எல்லோருடைய ஆதார், ரேஷன் கார்டு, மாமியாரின் மருந்துச் சீட்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அம்மா வீட்டில் வையுங்கள். அடமானத்தில் இருப்பது வீடு. கட்டில், பாத்திரம், துணிமணி உங்களுடையவை. அப்பளம் தேய்க்கும் பலகையும் உருட்டுக் கட்டையும் கைத்தொழில் கருவிகள், கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவே காத்து நிற்கிறது. உங்கள் தாலியும் அந்தப் பட்டியலில்தான். மெஷின் மட்டும் வங்கிக் கடனில் வாங்கியது, அதன்மேல் வங்கிக்குத் தனி உரிமை இருக்கும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பற்றி டாக்டர் சான்றிதழோடு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கமிஷனர்கள் அவகாசம் கொடுத்து நான் பார்த்திருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன்.

கணவரை ஊருக்கு வரச் சொல்லுங்கள். ஐ.பி. மனுப் போட்டவர் கோர்ட் முன் வந்து நிற்க வேண்டும், கணக்கு நோட்டு கொடுக்க வேண்டும். ஆள் இல்லாமல் எதுவும் நகராது. கிரயத்துக்குக் கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். செக் கொடுத்து வாங்கிய கடன் இருந்தால் அந்த வழக்கை ஐ.பி. தடுக்காது, அதையும் அவர்தான் எதிர்கொள்ள வேண்டும். தண்டல்காரர்கள் வாசலில் நின்று அசிங்கமாகப் பேசினால் போலீஸில் எழுதிக் கொடுங்கள், 2003-இலிருந்து தமிழ்நாட்டில் கந்துவட்டி வாங்குவதே குற்றம். மகன் பத்தாவது எழுதுகிற வருடம். அப்பா கடனாளி என்பதை அவன் தாங்கிக்கொள்வான். அப்பா எங்கே என்று தெரியாமல் இருப்பதுதான் அவனை உடைக்கும்.

கேள்வி: வில்லாபுரத்தில் 5 லட்சம் ஒத்தி கொடுத்து ஒரு வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இப்போது வங்கி வந்து வீடு தங்களிடம் அடமானம், காலி செய்யுங்கள் என்கிறது. வீட்டுக்காரர் ஐ.பி. கொடுத்துவிட்டாராம். என் பணம்?
வாசகர், வில்லாபுரம்

பதில்: தம்பி, பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு இன்றே வில்லங்கம் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. வங்கி அடமானம் உங்கள் ஒத்திக்கு முந்தைய தேதியில் இருந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. பிந்தையதாக இருந்தாலும், 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைப் பதிவு செய்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது ஒத்தி. உங்கள் கையில் இருப்பது கடன் கொடுத்ததற்கான சாட்சி மட்டும். குடியிருப்பவரும் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2016-இல் வழி வைத்தார்கள். பதிவில்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு அங்கே நிற்பது கஷ்டம்.

5 லட்சத்தையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஐ.பி. மனுவில் கடன்காரர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மனுக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கி வீட்டை விற்றுத் தன் பாக்கியை எடுத்த பிறகு மிச்சம் இருந்தால் அது ரிசீவரிடம் வரும், அதில் உங்களுக்குப் பங்கு உண்டு. பணம் கொடுத்த நாளில் எடுத்த வங்கிப் பரிமாற்ற ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள். மதுரையில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகள் நகையை வைத்து ஒத்திப் பணம் புரட்டுகிறார்கள். வில்லங்கம் பார்க்காமல், பதிவு செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள் என்று உங்கள் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், அப்பா திவால் ஆகி, வீடு ஏலத்தில் போய்விட்டது. எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. அப்பா கடன் என் தலையில் விழுமா? எனக்குக் கல்விக் கடன் கொடுப்பார்களா?
மாணவி, திருமங்கலம்

பதில்: விழாது கண்ணு. அப்பா கடனைப் பிள்ளை தீர்ப்பது தர்மம் என்று சொல்லி வழக்குப் போடும் பழைய வழியை 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அடைத்துவிட்டது. நீ எந்தக் காகிதத்திலாவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் சொல். கல்விக் கடனில் பெற்றோர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் சிபில், அதாவது கடன் மதிப்பெண் கெட்டிருக்கும் என்பதால் அம்மாவையோ, சம்பளக்கார மாமா, சித்தப்பா யாரையாவதோ சேர்த்து விண்ணப்பம் போடு. அம்மா அப்பாவின் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அவர் பெயரும் அடிபட்டிருக்கும், முதலில் அதைக் கேட்டுக்கொள். 7.5 லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமலே கொடுக்க முடியும். பிராஞ்சில் வாயால் மறுத்தால் திரும்பி வந்துவிடாதே. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேள். கவுன்சலிங் அலாட்மெண்ட் ஆர்டரும் கல்லூரியின் கட்டண விவரமும் கையில் இருக்கட்டும். மறுப்புக் கடிதம் வந்தால் அதை எனக்கு அனுப்பு, அடுத்து எங்கே புகார் கொடுப்பது என்று நான் எழுதுகிறேன்.